ஆறு பேரும் ஒரு மேசையும்



வியாதி நீங்கிய சாட்சிகளையும், கடன் தீர்ந்த சாட்சிகளையும் இப்பத்திரிகையில் வாசித்து நான் பலமுறை கண்ணீரோடு கர்த்தரைத் துதித்திருக்கிறேன். நான் எழுதப்போவது அத்தனை பெரிய சாட்சியன்று. திருப்பதியில் ஓர் உணவகத்தின் மேசையில், சட்னிக் கிண்ணங்களுக்கு நடுவே, கர்த்தர் என் பெருமையை உடைத்த கதை இது. எழுதுவதற்குப் பல ஆண்டுகள் தயங்கினேன். சம்பந்தப்பட்ட சகோதரரே, "எழுது தம்பி, என்னைப் போல் எத்தனை பேர் இருப்பார்களோ" என்று சொன்னதால் எழுதத் துணிந்தேன்.

ஆண்கள் எங்கே பேசுவார்கள்?

நான் வேலூர் மாவட்டத்துக்காரன். 1999-ஆம் ஆண்டு சித்தூரில் மாம்பழக் கூழ் தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றில் கணக்கர் வேலை கிடைத்து, மனைவியோடும் கைக்குழந்தையோடும் அங்கே குடியேறினேன். பிழைக்கப்போன ஊரில் முதலில் நாம் தேடுவது வாடகை வீடு. அடுத்துத் தேடுவது தமிழ்ச் சபை. கர்த்தர் இரண்டையும் கொடுத்தார்.

ஆண்டுகள் சென்றன. சபையில் சகோதரிகள் ஒருவருக்கொருவர் பாரங்களைப் பகிர்ந்துகொள்வதை நான் கண்டேன். புதன்கிழமை உபவாச ஜெபம் முடிந்ததும் அவர்கள் வாசலில் நின்று அரை மணி நேரமாவது பேசுவார்கள். எந்த வீட்டில் சண்டை, எந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று அவர்களுக்குத் தெரியும். அதற்காக ஜெபிக்கவும் செய்வார்கள். ஆண்களாகிய நாங்களோ, "ஸ்தோத்திரம் பிரதர், நல்லா இருக்கீங்களா?" என்று கைகுலுக்குவோம். "கர்த்தர் நடத்துகிறார்" என்பது பதில். அதோடு வண்டியைக் கிளப்பிவிடுவோம். பதினெட்டு ஆண்டுகள் ஒரே பாயில் முழங்காற்படியிட்டவர்களுக்கு ஒருவரைப்பற்றி ஒருவருக்கு ஒன்றுமே தெரியாது.

அந்நாட்களில் டெமோஸ் ஷகாரியன் என்னும் சகோதரரின் வாழ்க்கை வரலாறு என் கைக்குக் கிடைத்தது. அர்மேனியாவிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த பெந்தெகொஸ்தே குடும்பத்தில் பிறந்தவர் அவர். கலிபோர்னியாவில் பால் பண்ணை நடத்தியவர். அவரும் நம்மைப் போல் பிழைக்க வந்தவர்களின் பிள்ளை என்பதாலேயே அந்தப் புத்தகம் என்னை இழுத்தது. கூட்டங்களில் பெண்கள் நிறைந்திருக்க, ஆண்கள் குறைவாய் இருப்பதைக் கண்டு அவர் வேதனைப்பட்டார். ஆலயத்துக்கு வரத் தயங்குகிறவன் சாப்பிட வருவான் என்று கருதி, 1951-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் ஒரு சனிக்கிழமை காலை, லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் கிளிஃப்டன்ஸ் உணவகத்தின் மாடியில் ஆண்களுக்காக ஒரு கூட்டம் ஏற்படுத்தினார். பணமில்லாதவரையும் பசியோடு திருப்பி அனுப்பாத உணவகம் என்று பெயர் பெற்றது அது. ஊழியர் ஓரல் ராபர்ட்ஸ் பேச வந்திருந்தார். பெருங்கூட்டத்தை எதிர்பார்த்த இடத்தில் வந்தவர்கள் ஏறத்தாழ இருபது பேரே.

ஓராண்டுக்கும் மேலாக அந்த ஐக்கியம் வளரவில்லை. விட்டுவிடலாமா என்று 1952-ஆம் ஆண்டின் இறுதியில் அவர் கலங்கி ஜெபித்த ஓர் இரவில், உலகெங்குமுள்ள ஆண்களைத் தரிசனத்தில் கண்டதாகச் சொல்லுகிறார். கூட்டங்கூட்டமாய் நின்றும் ஒவ்வொருவனும் தனக்குள்ளே பூட்டப்பட்டு, உயிரற்ற முகத்தோடு இருந்தான். பின்பு அதே முகங்கள் ஒளி பெற்று, ஒருவரோடொருவர் இணைந்து நிற்பதைக் கண்டார். முழு சுவிசேஷ வணிகர் ஐக்கியம் என்று பல நாடுகளுக்கும் பரவிய இயக்கம் அந்த மாடியில் தொடங்கியதுதான்.

தனக்குள்ளே பூட்டப்பட்ட மனிதன் என்னும் அந்தக் காட்சி என்னைத் தூங்கவிடவில்லை. அது எங்கள் சபையின் ஆண்கள் பக்கத்து வரிசையல்லவா?

இரண்டாம் சனிக்கிழமை

2017-ஆம் ஆண்டு ஜூலை மாதம் நாங்கள் ஆறு பேர் கூடினோம். சித்தூரில் மூவர்: நான், வெல்டிங் பட்டறை வைத்திருந்த மூத்த சகோதரர், பால் வண்டி ஓட்டும் சகோதரர். திருப்பதியில் மூவர்: ரயில் பெட்டி பழுதுபார்க்கும் பணிமனையில் வேலை செய்பவர், மருத்துவமனையில் ஆண் செவிலியர், கைபேசிக் கடையில் வேலை பார்க்கும் இளைஞர். மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை, ஒரு மாதம் சித்தூரிலும் ஒரு மாதம் திருப்பதியிலும் கூடுவது, எல்லாரும் ஒரே புத்தகத்தில் ஓர் அதிகாரம் வாசித்து வருவது, அதைப்பற்றிப் பேசியபடி இரவு உணவு உண்பது, இதுவே ஏற்பாடு. இரண்டு ஊர்களுக்கும் இடையே ஏறக்குறைய எழுபது கிலோமீட்டர் தூரம். பேருந்தில் இரண்டு மணி நேரம் ஆகும். அந்த இரண்டு மணி நேரத்திலும் நல்ல பேச்சு நடக்கும்.

வீட்டில் கூடலாமே என்று கேட்கலாம். ஒற்றை அறைக் குடித்தனத்தில் ஆறு ஆண்கள் உட்கார்ந்தால் மனைவியும் பிள்ளைகளும் எங்கே போவார்கள்? அன்று சமையல் பாரமும் சகோதரிகள் தலையிலேயே விழும். ஆலயத்தில் கூடலாமே என்றால், ஆலயத்துக்குள் நுழைந்ததும் எங்கள் குரலே மாறிவிடுகிறது, எல்லாரும் பிரசங்கிகளாகிவிடுகிறோம். உணவகத்திலோ வீட்டுக்காரர் இல்லை, விருந்தாளி இல்லை. எல்லாரும் சமம். இட்லியைப் பிட்டுக்கொண்டே, "இந்த இடம் எனக்குப் புரியவில்லை" என்று சொல்லலாம்.

சில ஒழுங்குகளை ஏற்படுத்திக்கொண்டோம். அவரவர் செலவு அவரவருடையது. ஒருவரிடம் இல்லாவிட்டால் மற்றவர் சத்தமில்லாமல் கொடுப்பார். எந்தச் சபையையும் எந்த ஊழியரையும் குறித்துப் பேசக்கூடாது. கூட்டம் மிகுவதற்கு முன், மாலை ஆறு மணிக்கே போய்விடவேண்டும். திருப்பதியில் யாத்திரிகர்கள் நிற்கும்போது மேசையைப் பிடித்துக்கொண்டு இருப்பது சாட்சிக்கேடு. ஒருவர் அதிகாரத்தின் முக்கியமான பக்கத்தை உரக்க வாசிக்கவேண்டும். அந்த முறை சுற்றி வரும்.

எங்கள் போதகர் ஐயா முதலில் கவலைப்பட்டார். "வேதம் இருக்கும்போது வேறு புத்தகம் எதற்கு?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். சிறையிலிருந்த பவுல், தான் விட்டுவந்த மேலங்கியோடு புத்தகங்களையும், விசேஷமாய்த் தோற்சுருள்களையும் கொண்டுவரும்படி தீமோத்தேயுவுக்கு எழுதியதை (2 தீமோத்தேயு 4:13) நான் தாழ்மையாய்ச் சுட்டிக்காட்டினேன். ஐயா ஒருநாள் எங்களோடு வந்து அமர்ந்து, இரண்டு இட்லி மட்டும் சாப்பிட்டு, எல்லாவற்றையும் கேட்டார். "வேதத்தை வாசிக்காதவன் அன்றைக்கு இந்தப் புத்தகத்தையும் வாசிக்கக்கூடாது" என்ற ஒரே நிபந்தனையோடு ஆசீர்வதித்துப் போனார்.

முதல் புத்தகமாக ஜான் பனியனின் 'மோட்சப் பயணம்' நூலைத் தெரிந்துகொண்டோம்.

நான் செய்த பாவம்

வெல்டிங் பட்டறைச் சகோதரரைக் குறித்துச் சொல்லவேண்டும். அவருக்கு அப்போது வயது ஐம்பத்திரண்டு. ஞாயிறுதோறும் முதல் ஆளாக வந்து, வருகிறவர்களை வாசலில் வரவேற்று அமர்த்துவார். வசனங்களை மனப்பாடமாய்ச் சொல்லுவார். தகப்பனார் வைத்திருந்த பழைய தமிழ் வேதாகமம் எப்போதும் அவர் கையில் இருக்கும். எங்கள் ஆறு பேரில் ஆவிக்குரிய முதிர்ச்சி உள்ளவர் அவரே என்பதில் எவருக்கும் சந்தேகமில்லை.

வாசிக்கும் முறை அவருக்கு வந்தபோது, கண்ணாடியை மறந்துவிட்டதாகச் சொன்னார். அடுத்த முறை தொண்டை கட்டியிருந்தது. மூன்றாவது முறை, நவம்பர் மாதம், திருப்பதியில் கூடியிருந்தோம். புத்தகத்தை நான் அவர் முன்னே நகர்த்தினேன். வெல்டிங் பொறி பட்டுக் கண் எரிகிறது என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. நான்தான் இந்தக் கூட்டத்தைத் தொடங்கினவன், நான்தான் அதிகம் வாசிக்கிறவன் என்ற எண்ணம் எனக்குள் வளர்ந்திருந்தது. "அண்ணே, சபையில் வேதாகமம் வாசிக்கும்போது எரியாத கண், புத்தகத்தைக் கண்டால் மட்டும் எரிகிறதா?" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். பாதி தின்ற தோசையை அப்படியே விட்டு எழுந்து கைகழுவி, தம் பங்குப் பணத்தை மேசையில் வைத்து, "கடைசிப் பேருந்துக்கு நேரமாயிற்று" என்று புறப்பட்டார். மணி ஏழுகூட ஆகவில்லை.

டிசம்பர் மாதம் அவர் வரவில்லை. சபையில் வாசலில் நிற்பதையும் விட்டுவிட்டு, கடைசி வரிசையில் அமரத் தொடங்கினார். வேலைப் பளுவாக இருக்கும் என்று நான் சொல்லிக்கொண்டேன்.

என் மனைவிதான் என் கண்களைத் திறந்தாள். "என்னங்க, சபையில் எல்லாரும் சேர்ந்து சங்கீதம் வாசிக்கும்போது அந்த அண்ணனுடைய உதடுகளைக் கவனித்திருக்கிறீர்களா? நமக்கு ஒரு சொல் பின்னால்தான் அசையும். நாம் வாசிக்கக் கேட்டுத்தான் அவர் சொல்லுகிறார். அவருக்கு எழுத்து தெரியாது என்று நினைக்கிறேன்" என்றாள்.

பதினெட்டு ஆண்டுகள் நான் அவருக்கு இரண்டு வரிசை தள்ளி நின்று ஆராதித்திருக்கிறேன். நான் அதைக் கவனிக்கவேயில்லை.

பட்டறையில் கேட்ட வார்த்தை

2018 ஜனவரியில் ஒரு மாலை அவருடைய பட்டறைக்குப் போனேன். ஜன்னல் கம்பிகளைப் பற்றவைத்துக்கொண்டிருந்தவர் முகமூடியை உயர்த்திப் பார்த்து, ஒரு முக்காலியை இழுத்துப் போட்டார். பையனை அனுப்பி டீ வாங்கிவரச் செய்தார். பையன் போனபின், நான் வாயைத் திறப்பதற்கு முன்பே அவர் சொன்னார்:

"தம்பி, எனக்குத் தமிழ் எழுத்து தெரியாது."

பின்பு கருவிகள் வைத்திருந்த அலமாரியைத் திறந்து, துண்டில் சுற்றிய ஒரு புத்தகத்தை எடுத்து என் கையில் கொடுத்தார். அது தெலுங்கு வேதாகமம். ஓரங்கள் எண்ணெய்க் கறை படிந்து தேய்ந்திருந்தன. விடியற்காலையில் பட்டறையைத் திறந்ததும் அதில் வாசிப்பார். ஞாயிற்றுக்கிழமை அதே பகுதியைத் தமிழில் காதால் கேட்டு மனதில் பதித்துக்கொள்வார். இப்படியே இருபது ஆண்டுகளுக்கு மேல் நடத்தியிருக்கிறார்.

வெளியூர் வாசகர்களுக்கு எங்கள் பகுதியின் நிலைமையை விளக்கவேண்டும். 1911-ஆம் ஆண்டில் சித்தூர் மாவட்டம் உருவாவதற்கு முன்பு, சித்தூர் நகரம் வடஆற்காடு மாவட்டத்தின் தலைநகராய் இருந்தது. மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபின் நீண்ட வழக்குகளும் போராட்டங்களும் நடந்து, 1960 ஏப்ரல் முதல் தேதி திருத்தணி சென்னை மாநிலத்தில் சேர்ந்தது. சித்தூர் ஆந்திரத்தில் நின்றது. 2022 ஏப்ரலில் திருப்பதியும் தனி மாவட்டமாயிற்று. கோடுகள் மாறினாலும் குடும்பங்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. வீட்டில் தாயிடம் பேசுவது தமிழ். பள்ளியில் எழுதுவது தெலுங்கு. எல்லையோரக் கிராமத்தில் பிறந்த அந்தச் சகோதரர் ஏழாம் வகுப்புவரை தெலுங்கில் படித்தவர். அவர் எழுத்தறிவில்லாதவர் அல்லர்; அவருடைய எழுத்து வேறு, அவ்வளவே.

"இதைச் சொல்லியிருக்கலாமே அண்ணே?" என்றேன்.

"முதல் வருஷத்தில் சொல்லியிருக்கலாம். அப்பாவுடைய வேதாகமத்தைக் கையில் பிடித்தவுடன் எல்லாரும் நான் வாசிக்கிறவன் என்று நினைத்தார்கள். பத்து வருஷம் கழித்து எப்படிச் சொல்வது?"

எத்தியோப்பிய மந்திரியின் நினைவு எனக்கு வந்தது. ராணியின் கருவூலத்துக்கெல்லாம் தலைவனாயிருந்தவன், பிலிப்பு கேட்டபோது, ஒருவர் வழிகாட்டாவிட்டால் தனக்கு விளங்காது என்று வெட்கப்படாமல் ஒப்புக்கொண்டான் (அப்போஸ்தலர் 8). அதைச் சொன்னேன். அவர் சற்று நேரம் மௌனமாய் இருந்து, "அந்த மந்திரி ரதத்தில் தனியாக இருந்தார் தம்பி. அதனால் சொல்ல முடிந்தது. சுற்றி ஐந்து பேர் சிரித்துக்கொண்டிருந்தால் சொல்லியிருப்பாரா?" என்றார்.

அந்த வார்த்தை என் இருதயத்தைக் குத்திற்று. பிலிப்பு செய்ததை நான் கவனிக்கவில்லை. அவன் ரதத்துக்குப் பக்கத்தில் ஓடினான். பின்பு ஏறி அருகே உட்கார்ந்தான். நானோ மேசையின் தலைமாட்டில் உட்கார்ந்து பரீட்சை நடத்தினேன். அந்த எண்ணெய் மண்டிய தரையில் முழங்காற்படியிட்டு அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். இருவரும் ஜெபித்தோம். டீ ஆறிப்போயிற்று.

மீண்டும் மேசைக்கு

பிப்ரவரி மாதக் கூடுகையில் அவர் தாமாகவே எல்லாரிடமும் சொன்னார். நான் செய்த தவற்றை நானும் சொன்னேன். சற்று நேரம் எவரும் பேசவில்லை. பிறகு ரயில் பணிமனைச் சகோதரர், "என் இரண்டு பிள்ளைகளுக்கும் தமிழ் எழுத்து தெரியாது. ஊரில் மாமனார் கேட்டால், நன்றாக வாசிப்பார்கள் என்று சொல்லிவைத்திருக்கிறேன்" என்றார். கைபேசிக் கடைத் தம்பி, மூன்று மாதமாக வேதத்தைத் திறக்கவில்லை என்றான். பால் வண்டிச் சகோதரர், வட்டிக்கு வாங்கிய கடனை மனைவிக்கு மறைத்திருப்பதைச் சொன்னார். ஏழு மாதம் புத்தகத்தைப்பற்றி அழகாகப் பேசிக்கொண்டிருந்தோம். எங்களைப்பற்றிப் பேசியது அன்றுதான்.

அப்போது செவிலியர் சகோதரர் என்னைப் பார்த்து, "பிரதர், உங்களுக்குத் தெலுங்கு வாசிக்கத் தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது. பதினெட்டு ஆண்டுகள் அந்த மண்ணின் உப்பைத் தின்றும், பேருந்துப் பலகையைப் பக்கத்திலிருப்பவரிடம் கேட்டே ஏறிக்கொண்டிருந்தேன். அதை ஒரு குறையாக நான் எண்ணியதும் இல்லை. ஒரே மேசையில் ஒருவர் எழுத்து தெரியாததால் கூனிக்குறுகினார். இன்னொருவன் எழுத்து தெரியாமலே தலைநிமிர்ந்து இருந்தான். இதை என்னவென்று சொல்ல?

அன்றிலிருந்து உணவு வரும்வரை இருவரும் பாடம் படித்தோம். அவருக்கு நான் தமிழ், எனக்கு அவர் தெலுங்கு. என் முதல் பாடநூல் உணவகத்தின் பட்டியல் பலகை. இட்லி, உப்மா, பெசரட்டு என்று எழுத்துக்கூட்டி வாசித்தபின்தான் எனக்குச் சாப்பாடு சொல்ல அனுமதி. ஒருமுறை தவறாக வாசித்து, பிடிக்காத உப்மாவை முழுவதும் தின்னவேண்டியதாயிற்று.

அவருடைய சங்கடம் வேறு. தெலுங்கில் ஒலி ஒவ்வொன்றுக்கும் தனி எழுத்து உண்டு. தமிழில் ஒரே எழுத்து இடத்துக்கு ஏற்ப ஒலி மாறும். "தாவீதுக்கும் தாமாருக்கும் ஒரே 'தா'வா? பவுலுக்கும் பாபிலோனுக்கும் ஒரே 'ப'வா? எது எப்படி என்று எவன் கண்டான்?" என்று வியப்பார். ஆனால் வேதம் முழுவதும் அவர் காதில் இருந்தது. எழுத்து கால்வாசி விளங்கியதும், மீதியை ஒலி வந்து நிரப்பிவிடும். அந்த இருபது ஆண்டுக் கேள்வி வீண்போகவில்லை.

எங்கள் மேசையில் சந்தித்த இந்த இரு மொழிகளும் மிஷனெரி சரித்திரத்தில் முன்பே சந்தித்திருப்பதைப் பின்பு அறிந்தேன். சீகன்பால்க் தரங்கம்பாடியில் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை 1715-இல் அச்சிட்டு முடித்தார். பழைய ஏற்பாட்டில் ரூத் வரைக்கும் மொழிபெயர்த்து 1719-இல் மரித்தார். மீதியை முடித்து 1728-இல் வெளிக்கொணர்ந்தவர் பெஞ்சமின் சூல்ட்சே. அதே சூல்ட்சே சென்னையில் தெலுங்கு கற்று, வேதத்தை அம்மொழியிலும் பெயர்த்தார். அந்த உழைப்பு அச்சேறவில்லை. அச்சிட்ட தெலுங்குப் புதிய ஏற்பாடு 1818-இல்தான் செராம்பூரிலிருந்து வந்தது. ஒரே ஊழியனின் மேசையில் இரண்டு எழுத்துகளும் இருந்தன. கர்த்தருக்கு இரண்டும் தம்முடையவை.

தட்டும் கரண்டியும் இல்லாத வீடு

'மோட்சப் பயணம்' முடியும் சமயத்தில் அதன் ஆசிரியரின் வாழ்க்கையையும் வாசித்தோம். பனியன் பாத்திரங்களைப் பழுதுபார்க்கும் தொழிலாளி. சிறுவயதில் கற்ற கொஞ்சம் எழுத்தையும் ஏறக்குறைய மறந்துபோனவர். திருமணமானபோது அவர்கள் வீட்டில் தட்டோ கரண்டியோ கூட இல்லையாம். மனைவி தன் தகப்பனிடமிருந்து கொண்டுவந்த இரண்டு பக்தி நூல்கள் மாத்திரம் இருந்தன. அவளோடு உட்கார்ந்து அவற்றை வாசித்ததில்தான் அவருடைய மனம் அசையத் தொடங்கியது. பிற்காலத்தில் அனுமதியின்றிப் பிரசங்கித்ததற்காகப் பெட்ஃபோர்ட் சிறையில் பன்னிரண்டு ஆண்டுகள் இருந்தார். 1678-இல் வெளிவந்த அந்த நூலைத் தழுவியே நம் எச். ஏ. கிருஷ்ணபிள்ளை 1894-இல் 'இரட்சணிய யாத்திரிகம்' என்னும் காவியத்தைத் தந்தார்.

இதைக் கேட்டதும் எங்கள் சகோதரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அவரும் இரும்பு தட்டினவரா?" என்று இரண்டு தரம் கேட்டார். "அப்படியானால் கடைசிப் பக்கத்தை நான் வாசிக்கிறேன்" என்றார்.

அது 2018 ஆகஸ்டு மாதம், சித்தூரில். ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய இருபது நிமிடம் ஆயிற்று. விரலை ஒவ்வொரு எழுத்தின் கீழும் வைத்து, நதியைக் கடந்து நகரத்தின் வாசலை அடையும் அந்தப் பகுதியை வாசித்தார். தோசைகள் ஆறின. பரிமாறுகிறவர் இரண்டு முறை வந்து பார்த்துவிட்டு, ஏதோ புரிந்தவர்போல் தண்ணீர் மட்டும் நிரப்பிச் சென்றார். வாசித்து முடித்ததும் எவரும் கைதட்டவில்லை. செவிலியர் சகோதரர், "அண்ணே, தோசை சூடாக வேறு சொல்லட்டுமா?" என்றார். எங்களுக்கு அதுவே ஆராதனையாய் இருந்தது.

2019-இல் அவருடைய தாயார் படுக்கையில் விழுந்தார்கள். கணவர் உயிரோடு இருந்தவரை, அந்தத் தமிழ் வேதாகமத்திலிருந்து இரவுதோறும் வாசிக்கக் கேட்டுவிட்டே தூங்கும் பழக்கம் அந்த அம்மாவுக்கு. அவர் மறைந்தபின் அந்த வீட்டில் அதை வாசித்தவர் இல்லை. மகன் கையில் வேதாகமம் இருந்தும் தனக்கு ஏன் வாசித்துக்காட்டுவதில்லை என்று அந்தத் தாய் ஒருநாளும் கேட்டதில்லை. தெரிந்துதான் கேட்கவில்லை என்று அவர் பின்னால் புரிந்துகொண்டார். கடைசி இரண்டு மாதங்கள் அவர் இரவுதோறும் தாயின் அருகே அமர்ந்து, தகப்பனாரின் புத்தகத்திலிருந்து சங்கீதங்களை வாசித்தார். தடுக்கும் இடங்களில் தாயார் கண்களைத் திறக்காமலே அடுத்த சொல்லை எடுத்துக்கொடுப்பார்களாம்.

உங்களுக்கு ஒரு வார்த்தை

என் மனைவி தொடக்கத்திலேயே ஒரு கேள்வி கேட்டிருந்தாள்: "மாதம் ஒருநாள் வெளியே சாப்பிட்டு நல்ல காரியங்களைப் பேசுகிறீர்கள், வீட்டில் பிள்ளைகளோடு என்றைக்குப் பேசுவீர்கள்?" அதற்குப் பதிலாக, கூடுகையில் வாசித்த அதிகாரத்தை மறுநாள் குடும்ப ஜெபத்துக்குப் பின் பிள்ளைகளுக்குச் சொல்வதை வழக்கமாக்கிக்கொண்டோம். உணவகத்தோடு நின்றுவிடும் ஐக்கியம் வெறும் சாப்பாடுதான். ஆக்ஸ்போர்டில் 1729-இல் வெஸ்லி சகோதரரும் நண்பர்களும் சேர்ந்து வாசிக்கத் தொடங்கிய சிறு கூட்டம், அடுத்த ஆண்டே சிறைக்கைதிகளைச் சந்திக்கப் புறப்பட்டது. எங்கள் கூட்டம் அத்தனை தூரம் போகவில்லை. ஆனால் பால் வண்டிச் சகோதரரின் கடனை ஐந்து பேரும் சேர்ந்து உட்கார்ந்து கணக்குப் போட்டு, ஒன்றரை ஆண்டில் தீர்க்க உதவினோம். ரயில் பணிமனைச் சகோதரரின் பிள்ளைகள் உள்ளிட்ட ஏழு பேருக்குச் சபையில் ஞாயிறு மாலை தமிழ் எழுத்து கற்பிக்கிறோம். ஆசிரியர் யார் என்று நான் சொல்லத் தேவையில்லை. வெல்டிங் செய்த கையால் கரும்பலகையில் அவர் எழுதும் 'அ' சற்றுக் கோணலாகத்தான் இருக்கும்.

2020-இல் கொள்ளைநோய்க் காலத்தில் உணவகங்கள் மூடப்பட்டபோது, தொலைபேசியில் வாசித்தோம். பண்டிதை ரமாபாயின் வரலாற்றை அப்போதுதான் முடித்தோம். இன்று முதல் அறுவரில் இருவர் வேறு ஊர்களுக்கு மாறிப்போனார்கள். இளைஞர்கள் மூவர் சேர்ந்திருக்கிறார்கள். மேசை நிறைந்தே இருக்கிறது.

பெங்களூரிலோ, ஹைதராபாத்திலோ, மும்பையிலோ, பிழைப்புக்காகச் சென்ற இடத்தில் சபையைக் கண்டடைந்திருக்கிற சகோதரனே, உன் பக்கத்தில் முழங்காற்படியிடுகிறவர் எதை மறைத்து வைத்திருக்கிறார் என்று உனக்குத் தெரியுமா? அதைத் தோண்டி எடுக்க வேண்டாம். ஒரு மேசையில் அவரோடு உட்கார். நல்ல புத்தகம் ஒன்றை நடுவில் வை. அவர் வாசிக்கத் தயங்கினால் சிரிக்காதே. முதலில் உனக்குத் தெரியாததை நீ சொல். மற்றதைப் பரிசுத்த ஆவியானவர் பார்த்துக்கொள்வார்.

அன்புள்ள பரலோகப் பிதாவே, அறிவினால் இறுமாந்திருந்த என்னை நீர் தாழ்த்தினீர். வெட்கத்தினால் ஒளிந்திருந்த என் சகோதரரை நீர் உயர்த்தினீர். இதை வாசிக்கிற ஒவ்வொருவருக்கும் அருகே வந்து உட்காருகிற ஒரு பிலிப்புவைத் தாரும். அவர்களையும் பிறருக்குப் பிலிப்புவாக ஆக்கும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், நல்ல பிதாவே. ஆமென்.